தங்கக் கேடயமும் வெண்கலக் கேடயமும்

(ரெகொபெயாம் ராஜாவின் வாழ்க்கை)

சாலமோன் ராஜாவைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் நம்மில் ரொம்பக் குறைவு. ஒரே குழந்தைக்கு இரண்டு பெண்கள் நான்தான் தாய் என்று சண்டை போட்டபோது, உண்மையான தாய் யார் என்று கண்டுபிடித்துத் தீர்ப்புச் சொன்னவர் அவர். அந்தக் கதையைச் சின்ன வயசிலேயே பலரும் கேட்டிருப்போம்.

ஆனால் அவ்வளவு புத்திசாலி ராஜாவோட மகன் என்ன ஆனார் தெரியுமா? அவர் பெயர் ரெகொபெயாம். தாத்தா தாவீது 40 வருஷம், அப்பா சாலமோன் 40 வருஷம் என்று ஆண்டு வைத்துவிட்டுப் போன ராஜ்யத்தில் பெரும் பகுதியை அவர் மூன்றே நாளில் இழந்தார். அப்போது எந்த எதிரியும் படையெடுத்து வரவில்லை. பஞ்சம் வரவில்லை. அவர் சொன்ன ஒரு பதில்தான் காரணம். அந்தக் கதையைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

பளபளப்புக்குப் பின்னால்

இஸ்ரவேலர்கள் 12 கோத்திரங்களாக வாழ்ந்த மக்கள். தெற்கே யூதா கோத்திரம் பெரியது. வடக்கே எப்பிராயீம் கோத்திரம் பெரியது. வடக்குக்கும் தெற்குக்கும் ஆதியிலிருந்தே அவ்வளவாக ஒத்துப்போகாது. தாவீது ராஜாதான் இரண்டு பக்கத்தையும் சேர்த்து, எருசலேமைத் தலைநகராக்கி ஆண்டார். தாவீது யூதா கோத்திரத்துக்காரர். அதனால் ராஜ குடும்பம் தெற்கத்தியக் குடும்பம் என்ற நினைப்பு வடக்கே இருந்துகொண்டே இருந்தது.

தாவீதுக்குப் பிறகு சாலமோன் வந்தார். எருசலேமில் பெரிய ஆலயம் கட்டினார். அதற்கு 7 வருஷம் ஆனது. பிறகு தன் அரண்மனையைக் கட்டினார். அதற்கு 13 வருஷம்! லீபனோன் மலையிலிருந்து கேதுரு மரங்கள் வந்தன. கப்பல்களில் பொன், வெள்ளி, யானைத் தந்தம், குரங்கு, மயில் எல்லாம் வந்து இறங்கின. அடித்துத் தகடாக்கின தங்கத்தில் 200 பெரிய கேடயங்களும் 300 சின்னக் கேடயங்களும் செய்து அரண்மனையில் வைத்தார். மொத்தம் 500 தங்கக் கேடயங்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, கடைசியில் தேவைப்படும்.

சரி, இவ்வளவையும் யார் கட்டினார்கள்? யார் சுமந்தார்கள்? பைபிளில் உள்ள ராஜாக்களின் புத்தகம் அந்தக் கணக்கையும் மறைக்காமல் சொல்கிறது. லீபனோனில் மரம் வெட்ட 30,000 பேர். மாதத்துக்கு 10,000 பேர் என்று முறை வைத்து அனுப்பினார்கள். ஒரு மாதம் மலையில் வேலை, இரண்டு மாதம் வீட்டில். சுமை தூக்க 70,000 பேர். மலையில் கல் வெட்ட 80,000 பேர். இவர்களை வேலை வாங்க மட்டும் 3,300 மேற்பார்வையாளர்கள். இப்படி ராஜா கட்டாயப்படுத்தி ஆள் பிடித்து வாங்குகிற வேலைக்கு அமஞ்சி என்று பழைய தமிழ் பைபிளில் ஒரு வார்த்தை இருக்கிறது. ஒருத்தன் தன் வயலில் அறுவடை கிடக்க, ராஜாவின் கல்லைச் சுமக்கப் போக வேண்டும்.

இது போதாதென்று, அரண்மனைச் சாப்பாட்டுக்காக நாட்டை 12 வட்டாரமாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு வட்டாரமும் வருஷத்தில் ஒரு மாதம் அரண்மனைக்கு உணவு கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு 30 மாடு, 100 ஆடு. மான், கோழி எல்லாம் தனி. ஒரு மாதத்துக்கு எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க!

வெளியே பார்த்தால் பொன்னும் பளபளப்பும். உள்ளே மக்களோட முதுகு வலித்துக்கொண்டே இருந்தது.

அரண்மனைப் பிள்ளை

ரெகொபெயாமின் அம்மா பெயர் நாமாள். அவர் அம்மோன் நாட்டுப் பெண். இன்றைய ஜோர்தான் நாட்டின் தலைநகரான அம்மான் நகரத்தின் பெயரில் அந்தப் பழைய பெயர் இன்னும் இருக்கிறது.

ரெகொபெயாம் பட்டத்துக்கு வந்தபோது வயசு 41. சாலமோன் ஆண்டது 40 வருஷம். அப்படியென்றால், அப்பா ராஜாவாகும்போது இவர் ஒரு வயசுக் குழந்தை. ஆலயம் எழும்பினது, அரண்மனை எழும்பினது, தங்கச் சிங்காசனம் வந்தது எல்லாமே இவர் கண் முன்னால் நடந்தது. ஆனால் அதைக் கட்டினவர்களுடைய கையில் இருந்த காய்ப்பு இவர் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை. மேசையில் சாப்பாடு வரும். அது எந்த ஊரிலிருந்து, யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு ஒரு நாளும் வரவில்லை.

ஓடிப்போன மேற்பார்வையாளர்

சாலமோனிடம் யெரொபெயாம் என்று ஒரு வாலிபர் வேலை பார்த்தார். எப்பிராயீம் கோத்திரத்துக்காரர், அம்மா ஒரு விதவை. நல்ல உழைப்பாளி, திறமைசாலி என்று பார்த்து, வடக்கத்திய யோசேப்பு வம்சத்தாரின் அமஞ்சி வேலைக்கு அவரைத் தலைவராகப் போட்டார் சாலமோன். அதனால் மக்களோட கஷ்டத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் யெரொபெயாம்.

ஒரு நாள் அகியா என்ற தீர்க்கதரிசி வழியில் அவரைச் சந்தித்தார். அகியா ஒரு புதுச் சால்வையை 12 துண்டாகக் கிழித்து, அதில் 10 துண்டை யெரொபெயாம் கையில் கொடுத்தார். பத்துக் கோத்திரங்கள் உன்னிடம் வரும் என்பது அதற்கு அர்த்தம். யெரொபெயாமைக் கொல்ல சாலமோன் வழி தேடினார். யெரொபெயாம் எகிப்துக்குத் தப்பி ஓடி, அங்கே சீஷாக் என்ற ராஜாவிடம் அடைக்கலம் புகுந்தார். சாலமோன் சாகும் வரை அங்கேயே இருந்தார்.

சீகேமில் ஒரு கோரிக்கை

கி.மு. 931 வாக்கில் சாலமோன் இறந்தார். யூதாவில் ரெகொபெயாம் ராஜாவாவதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் வடக்கத்தியக் கோத்திரங்கள் எருசலேமுக்கு வரவில்லை. சீகேம் என்ற ஊரில் கூடினார்கள். எருசலேமுக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில், ஏபால், கெரிசீம் என்ற இரண்டு மலைகளுக்கு நடுவே இருந்த பழம்பெரும் ஊர் அது. ராஜாவே அங்கே போக வேண்டியதாயிற்று. இதிலேயே ஒரு செய்தி இருந்தது. ராஜாவாக ஏற்றுக்கொள்கிறோம், ஆனால் முதலில் பேசணும் என்பதுதான் அந்தச் செய்தி.

எகிப்திலிருந்து யெரொபெயாமும் திரும்பி வந்து கூட்டத்தில் நின்றார். மக்கள் கேட்டது ஒன்றே ஒன்று. உங்கள் அப்பா எங்கள் கழுத்தில் பாரமான நுகத்தை வைத்துவிட்டார், அதைக் கொஞ்சம் இலேசாக்குங்கள், நாங்கள் உங்களுக்குக் கீழ்ப்பட்டு இருக்கிறோம் என்றார்கள். கவனிச்சீங்களா? நுகத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. ராஜாவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொஞ்சம் குறையுங்கள் என்றுதான் கேட்டார்கள்.

மூன்று நாள் டைம் கொடுங்கள், பிறகு வாருங்கள் என்று ரெகொபெயாம் சொல்லி அனுப்பினார். இது வரைக்கும் சரியான காரியம்தான். அவசரப்படவில்லை, யோசிக்க நேரம் கேட்டார்.

இரண்டு ஆலோசனை

முதலில், அப்பாவிடம் ஆலோசகர்களாக இருந்த முதியவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார். இன்றைக்கு நீங்கள் இந்த மக்களுக்கு வேலைக்காரனைப் போல இறங்கி, நல்ல வார்த்தை சொன்னால் இவர்கள் காலமெல்லாம் உங்களுக்கு வேலைக்காரர்களாக இருப்பார்கள் என்பது அவர்கள் சொன்ன யோசனை. அந்தப் பளபளப்பான ஆட்சியை நடத்தினவர்களே இவர்கள்தான். எங்கே எவ்வளவு இறுகிப்போயிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

ராஜாவுக்கு அது பிடிக்கவில்லை. அடுத்ததாகத் தன்னோடு கூடவே வளர்ந்த நண்பர்களைக் கூப்பிட்டார். பைபிள் அவர்களை வாலிபர்கள் என்கிறது. ஆனால் ராஜாவுக்கே 41 வயசு என்றால், கூட வளர்ந்தவர்கள் எல்லோரும் சின்னப் பையன்களாக இருக்க முடியாதே!

இங்கே ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. முதியவர்களிடம் கேட்கும்போது, பதில் சொல்ல நீங்கள் என்ன யோசனை சொல்கிறீர்கள் என்று கேட்டார். நண்பர்களிடம் கேட்கும்போது, நாம் என்ன பதில் சொல்லலாம் என்று கேட்டார். அங்கே நீங்கள், இங்கே நாம்! ஆலோசனை கேட்கும் முன்பே அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டார் என்று இந்த ஒரு வார்த்தையே காட்டிக் கொடுக்கிறது.

இளகினால் தலைமேல் ஏறிவிடுவார்கள், இறுக்கிப் பிடியுங்கள் என்ற மாதிரிதான் நண்பர்கள் சொன்னார்கள். அப்பாவோட இடுப்பைவிட என் சுண்டுவிரல் தடிமன் என்று சொல்லச் சொன்னார்கள். அப்பா வைத்த நுகம் பாரம் என்றால் நான் அதை இன்னும் கூட்டுவேன், அப்பா சவுக்கால் அடித்தார் என்றால் நான் தேள் மாதிரி கொட்டுவதால் அடிப்பேன் என்று மிரட்டச் சொன்னார்கள்.

முதியவர்களானாலும் நண்பர்களானாலும் அரண்மனைக்காரர்கள்தான். இரண்டு மாதம் வீட்டிலும் ஒரு மாதம் மலையிலும் இருந்த ஒரு மரம்வெட்டியை அந்த மூன்று நாளில் ராஜா கூப்பிட்டுக் கேட்டதாக எங்கேயும் எழுதியில்லை.

பதில் வந்தது

மூன்றாம் நாள் மக்கள் வந்தார்கள். ராஜா கடுமையாகப் பேசினார். நுகம், சவுக்கு, தேள் எல்லாம் அப்படியே வந்தது. மக்கள் அதைக் கேட்டு அழவில்லை, கெஞ்சவில்லை. தாவீது குடும்பத்தில் இனி எங்களுக்குப் பங்கில்லை, அவரவர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டுக் கலைந்து போனார்கள்.

அப்போதாவது ராஜா சமாதானமாக ஒரு ஆளை அனுப்பியிருக்கலாம். அனுப்பினார், ஆனால் யாரை? அதோராம் என்பவரை. அவர் யார் தெரியுமா? அமஞ்சி வேலைக்கே தலைமை அதிகாரி! மக்களுக்கு எந்த முகத்தைப் பார்த்தால் வயிறு எரியுமோ அந்த முகத்தையே அனுப்பினார். மக்கள் அவரைக் கல்லெறிந்து கொன்றுவிட்டார்கள். ரெகொபெயாம் அவசர அவசரமாக ரதத்தில் ஏறி எருசலேமுக்கு ஓடினார்.

பத்துக் கோத்திரங்கள் யெரொபெயாமை ராஜாவாக்கின. அந்த வடக்கு நாட்டுக்கு இஸ்ரவேல் என்ற பெயரே போய்விட்டது. ரெகொபெயாமுக்கு மிஞ்சினது யூதாவும் பென்யமீனும்தான்.

முதல் தடவை கேட்டுக்கொண்டார்

எருசலேமுக்கு வந்ததும் ரெகொபெயாம் 1,80,000 வீரர்களைத் திரட்டினார். போரிட்டு நாட்டை மீட்க வேண்டும் என்பது திட்டம். அப்போது சேமாயா என்ற தீர்க்கதரிசி வந்து தடுத்தார். அங்கே இருப்பவர்கள் உங்கள் சகோதரர்கள், அவர்களோடு போர் செய்யாமல் வீட்டுக்குத் திரும்புங்கள் என்பதே அவர் கொண்டுவந்த கடவுளின் வார்த்தை.

இந்தத் தடவை ராஜா கேட்டுக்கொண்டார். படை கலைந்து வீட்டுக்குப் போனது. சீகேமில் முதியவர்கள் பேச்சைக் கேட்காதவர், இங்கே ஒரு தனி மனிதரின் பேச்சைக் கேட்டார். அன்றைக்குச் சிந்த இருந்த ரத்தம் சிந்தவில்லை. ஆனாலும் இரண்டு ராஜாக்களும் உயிரோடு இருந்த காலமெல்லாம் அவர்களுக்குள் பகையும் சண்டையும் ஓயவே இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு ரெகொபெயாம் கொஞ்சம் நிதானமாக ஆட்சி செய்தார். பெத்லகேம், தெக்கோவா, லாகீஸ், அசேக்கா, எப்ரோன் முதலான 15 ஊர்களைக் கோட்டைகளாகப் பலப்படுத்தினார். அங்கே தானியம், எண்ணெய், திராட்சரசம், ஆயுதம் எல்லாம் சேர்த்து வைத்தார். அவருக்கு 18 மனைவிகள், 60 மறுமனைவிகள், 28 மகன்கள், 60 மகள்கள்! அத்தனை மகன்களும் அரண்மனையில் உட்கார்ந்து பதவிக்குச் சண்டை போடாதபடி, அவர்களைக் கோட்டை ஊர்களுக்குப் பிரித்து அனுப்பிப் பொறுப்பு கொடுத்தார். இது புத்திசாலித்தனம் என்று பைபிளே பாராட்டுகிறது.

வடக்கே யெரொபெயாமும் நிம்மதியாக இல்லை. ஆராதனைக்காக எருசலேம் ஆலயத்துக்குப் போகிற மக்கள் மனம் மாறி ரெகொபெயாம் பக்கம் போய்விடுவார்களோ என்று பயந்தார். அதனால் பெத்தேலிலும் தாணிலும் தங்கக் கன்றுக்குட்டிகளைச் செய்து வைத்து, இனி இங்கேயே கும்பிடுங்கள் என்றார். பாரத்தைக் குறைக்கச் சொல்லி முன்னால் நின்றவர், பதவி வந்ததும் பயத்தால் ஆளத் தொடங்கினார். பைபிள் அவரையும் நல்ல ராஜா என்று எழுதவில்லை.

எகிப்து வந்தது

மூன்று வருஷம் நன்றாகப் போனது. பலம் வந்ததும் ரெகொபெயாம் பழையபடி ஆனார், கடவுளின் சட்டத்தை விட்டுவிட்டார். ஐந்தாம் வருஷம், அதாவது கி.மு. 925 வாக்கில், எகிப்து ராஜா சீஷாக் படையெடுத்து வந்தார். 1,200 ரதங்கள், 60,000 குதிரைவீரர்கள், அதோடு எண்ண முடியாத காலாட்படை என்று நாளாகமப் புத்தகம் சொல்கிறது. கட்டி வைத்த கோட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

மறுபடியும் சேமாயா வந்தார். கடவுளை நீங்கள் கைவிட்டதால் வந்தது இது என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். ராஜா கோபப்படவில்லை. அவரும் பிரபுக்களும் தங்களைத் தாழ்த்தி, கடவுள் செய்தது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். எருசலேம் அழியாமல் தப்பியது. ஆனால் ஆலயத்துப் பொக்கிஷமும் அரண்மனைப் பொக்கிஷமும் போனது. அந்த 500 தங்கக் கேடயங்களும் போயே போச்சு!

இது வெறும் கதை இல்லை என்பதற்கு எகிப்திலேயே சாட்சி இருக்கிறது. முதலாம் ஷோஷெங்க் என்ற எகிப்து மன்னர், தான் வென்ற ஊர்களின் பட்டியலைக் கர்னாக் கோயில் சுவரில் செதுக்கி வைத்திருக்கிறார். அவர்தான் பைபிளில் வரும் சீஷாக் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அந்தப் பட்டியலில் இப்போது படிக்க முடிகிற பெயர்களில் எருசலேம் இல்லை. ஆனால் மெகிதோ, தானாக், பெத்செயான் போன்ற வடக்கத்திய ஊர்கள் இருக்கின்றன. யெரொபெயாமுக்கு அடைக்கலம் கொடுத்த அதே எகிப்து, யெரொபெயாமின் நாட்டையும் விடவில்லை! அண்ணன் தம்பி பிரிந்து நின்றால் மூன்றாம் ஆளுக்கு இரண்டு வீடும் ஒன்றுதான்.

வெண்கலக் கேடயம்

தங்கக் கேடயங்கள் போன பிறகு ரெகொபெயாம் என்ன செய்தார்? அவற்றுக்குப் பதிலாக வெண்கலத்தில் கேடயங்கள் செய்தார். ராஜா ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் காவலர்கள் அவற்றை ஏந்திக்கொண்டு நடப்பார்கள். திரும்பி வந்ததும் காவலர் அறையில் வைத்துவிடுவார்கள்.

வெண்கலத்தைத் துலக்கி வைத்தால் வெயிலில் அதுவும் மின்னும். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அது தங்கமாகவே தெரியலாம். ஆனால் ஏந்தின காவலனுக்குத் தெரியும். நடுவில் நடந்த ராஜாவுக்கும் தெரியும். அதற்குப் பிறகு ராஜா 12 வருஷம் ஆண்டார். ஆலயத்துக்குப் போன ஒவ்வொரு நாளும் அந்த வெண்கலம் அவரைச் சுற்றி வந்தது.

ரெகொபெயாம் மொத்தம் 17 வருஷம் ஆண்டு, 58 வயசில் இறந்தார். தாவீதின் நகரத்தில் அடக்கம் செய்தார்கள். மகன் அபியா பட்டத்துக்கு வந்தார். பிரிந்த இரண்டு நாடும் மறுபடி ஒரே ராஜ்யமாகச் சேரவே இல்லை. வடக்கு நாட்டைக் கி.மு. 722 வாக்கில் அசீரியர்கள் அழித்து மக்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோனார்கள். தெற்கு நாட்டைக் கி.மு. 586 வாக்கில் பாபிலோன் அழித்தது, சாலமோன் கட்டின ஆலயமும் எரிந்தது.

தெரியுமா உங்களுக்கு?

* ரெகொபெயாம் என்ற எபிரேயப் பெயருக்கு, மக்கள் பெருகினார்கள் என்று அர்த்தம். அவர் காலத்தில்தான் மக்கள் பிரிந்து போனார்கள்!

* சாலமோனின் கப்பலில் வந்த மயிலுக்கு எபிரேயத்தில் உள்ள துக்கி என்ற சொல், நம் தோகை என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து போனது என்று கால்டுவெல் எழுதியிருக்கிறார்.

* 1993ஆம் ஆண்டு இஸ்ரேலின் வடக்கே தாண் என்ற பழைய ஊரில் ஒரு கல்வெட்டுத் துண்டு கிடைத்தது. அதில் தாவீதின் வீடு என்ற பெயர் இருப்பதாகப் பெரும்பாலான அறிஞர்கள் படிக்கிறார்கள். அது கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

* இயேசுவின் வம்ச வரலாற்றில் ரெகொபெயாமின் பெயரும் வருகிறது. மத்தேயு முதல் அதிகாரத்தில் பார்க்கலாம்.

சிந்திக்க

நண்பர்களே, ரெகொபெயாம் ஆலோசனை கேட்காமல் கெட்டவர் இல்லை. இரண்டு தரப்பிடம் கேட்டார், மூன்று நாள் எடுத்துக்கொண்டார். ஆனால் தனக்குப் பிடித்த பதில் கிடைக்கும் வரை கேட்டார், கிடைத்ததும் நிறுத்திக்கொண்டார். நாமும் அப்படித்தானே பல தடவை செய்கிறோம்? டீச்சரிடம் கேட்போம், அம்மாவிடம் கேட்போம், கடைசியில் நம்ம மனசில் இருக்கிறதையே சொல்கிற ஃபிரண்டு பேச்சைத்தான் எடுப்போம்.

நாளைக்கு நீங்கள் கிளாஸ் லீடராகலாம், டீம் கேப்டனாகலாம், பெரியவர்களாகி நாலு பேருக்கு வேலை கொடுக்கிறவர்களாகலாம். யாராவது வந்து, இது பாரமாக இருக்கிறது, கொஞ்சம் குறையுங்கள் என்று கேட்டால், அதைத் தூக்குகிறவரிடமே எங்கே வலிக்கிறது என்று முதலில் கேளுங்கள். சீகேமில் ராஜா அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அவருக்கு ஒரு காசும் செலவாகியிருக்காது.